ஆளு கீது

எர்ணாவூரில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. பிள்ளை பெற்றவள் என்றால் அந்தப் பிள்ளையின் அம்மா. பெறாதவள் என்றால் அவள் செய்கிற வேலை. நான் ‘டைலர்’. கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைக்கிறேன். மூன்றாவது மாடி அக்காவையும் அவள் பெண் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெண் போன பிறகு அந்தப் பேரை வைத்து எப்படிக் கூப்பிடுவது? ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கொஞ்ச காலம் அவளைக் கூப்பிடாமலே பேசினோம். அப்புறம் ‘மூணாவது மாடி’ என்று ஆகிப்போனது. இப்போது அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்விட்டார்கள். நானும் பேரைச் சொல்லாமலே சொல்லி முடிக்கிறேன்.

அவள் இடம் போட்டு வைப்பவள். தனக்கில்லை, இன்னொருத்தருக்கு. ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்து இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துவிடுவாள். ரேஷன் கடை என்றால் செருப்பு. ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற இடத்தில் தூக்குவாளி. ஒன்றும் கையில் இல்லையென்றால் தெருவில் கிடக்கிற அரைச் செங்கல். யாராவது முறைத்தால் “ஆளு கீது” என்பாள். அவ்வளவுதான். குரல் உயராது, கூட ஒரு வார்த்தை வராது. எங்கள் பிளாக்கில் தண்ணிக்கு நிற்கிற பெண்கள் சும்மா விடுகிற ரகம் கிடையாது, நான் உட்பட. ஆனால் அவள் “ஆளு கீது” என்றால் அதற்கு மேல் ஒருத்தியும் பேச மாட்டாள். ஏனென்றால் சொன்ன ஆள் எப்படியும் வந்துவிடும்.

வருகிற ஆள் பெரும்பாலும் அவள் பெண்தான். சரியான தூங்குமூஞ்சி. தண்ணி லாரி வரும் என்று பிளாக்கே விடியலில் எழுந்து குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும். அது மட்டும் மேலே போர்த்திக்கொண்டு கிடக்கும். அக்கா இரண்டு குடத்தையும் தானே தூக்கிக்கொண்டு வந்து வைப்பாள். முன்னால் தன்னுடையது, பின்னால் பெண்ணுடையது. “ஏன்கா, எழுப்பி இட்டுகினு வரக் கூடாதா?” என்று நான் கேட்டால், “தூங்கட்டும்மே. வயசு அப்டி. லாரி வந்தா வந்துடும்” என்பாள். லாரி ஹாரன் அடிக்கும். படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்கும். பாதிச் சடையும் வாயில் ஹேர்பின்னுமாக அது வந்து குதிக்கும். “டைலர்க்கா, எம்மா திட்டிச்சா?” என்று என்னைத்தான் கேட்கும். திட்டுகிறவளா அவள்?

எங்கள் எல்லார் குடமும் ஒரே கடையில் வாங்கியவை. அதனால் அடையாளத்துக்குக் கதவு நம்பரைப் பெயிண்டில் எழுதி வைப்போம். அந்தப் பெண் தன் மஞ்சள் குடத்தில் நம்பர் எழுத விடவில்லை. கழுத்துக்குக் கீழே தக்காளிக் கலர் நெயில் பாலிஷில் ஒரு பூ போட்டுக்கொண்டது. அது காய்வதற்குள் அக்கா குடத்தைத் தூக்கியதில் ஓர் இதழ் மட்டும் கட்டை விரலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு அம்மாவும் பெண்ணும் ஒரு நாள் முழுக்கப் பேச்சில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கன்டெய்னர் டிரெய்லர். எண்ணூர் ஹைரோட்டில். காலேஜ் போகும்போது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, எங்கள் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம்.

பெரியாஸ்பத்திரிக்கு நானும் போனேன். பிணவறைக்கு வெளியே சிமெண்டு பெஞ்சு. அக்கா அதில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எறா உரிக்கிற கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள், கையெல்லாம் வெந்து ஊறிப்போய் வெள்ளையாக இருந்தது. யாரோ ஒரு வயசானவர் வந்து, “தள்ளிக் குந்துமா” என்றார். அப்போதுதான் பார்த்தேன், அவள் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தாள். “ஆளு கீதுபா” என்றாள். அவர் சுற்றிலும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். எனக்கு அங்கேயே கத்தி அழ வேண்டும் போலிருந்தது. அவள் அழாதபோது நான் எப்படி அழுவது?

காரியமெல்லாம் முடிந்து முதல் தண்ணி லாரி வந்த அன்றைக்கு அவள் இரண்டு குடத்தோடு இறங்கி வந்தாள். முன்னால் தன்னுடையது, பின்னால் மஞ்சள். இரண்டையும் பிடித்தாள், இரண்டையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். அந்த மாசமும் அப்படித்தான் இருந்தது. வெயில் காலம் வந்து தண்ணி இழுபறியானதும் முணுமுணுப்பு தொடங்கியது. ஆளுக்கு ஒரு குடம்தான் என்று லாரிக்காரன் வேறு கறாராக நின்றான். ஒரு நாள் யாரோ மஞ்சள் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். அக்கா வந்து பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. குடத்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்தாள். “ஆளு கீது” என்றாள்.

நான் மிஷினை விட்டு எழுந்து போய் வரிசையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினேன். எவ கை வெச்சது, அவ வூட்டு எழவுக்கு நான் வர மாட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் மஞ்சள் குடத்தோடு ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளியே நிற்கப் பழகிவிட்டார்கள். அதைச் சொல்லி யாரைத் திட்டுவது?

அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன லாரி நிறையப் புதுக் குடங்களோடு ஓர் ஆள் வந்தார். கூடவே ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். பொன்னேரி தாண்டிக் கிராமத்துக்குள் ஒரு பெரிய கலைக்கூடம் கட்டியிருக்கிறார்களாம், தோட்டம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருக்கிறதாம். அவர் அங்கே ஒரு படைப்பு வைக்கப் போகிறார், அதற்குப் புழங்கிய குடம் வேண்டுமாம். பழைய குடம் கொடுத்தால் புதுக் குடம். எங்களுக்கு என்ன புதுசா? பழைய புடவைக்கு ஏனம் பாத்திரம் எடுக்கிறவர்கள்தானே நாங்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஓட்டை விழுந்து மெழுகு வைத்து அடைத்த குடத்தை நான் கொடுத்தேன். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, “ரொம்ப அருமை” என்றார். பைத்தியமா என்று நினைத்தேன்.

அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஹார்பரில் ஒப்பந்தக் கூலி, அன்றைக்கு வேலை இல்லை. மஞ்சள் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்குவதைப் பார்த்ததும் குறுக்கே போய் நின்றேன்.

“அண்ணே, அத்தயா குடுக்கறீங்க?”

“இத்ததான்.”

“அக்காவக் கேட்டீங்களா?”

அவர் லுங்கி நுனியால் குடத்தைத் துடைத்தார். அந்தப் பூவின் மேல் மட்டும் இரண்டு தரம் துடைத்தார். “வூட்ல இருந்தா இத்தயே பாத்துகினு குந்திகினு கீறா. நானும் பாத்துகினு கீறேன். எத்தினி நாளைக்கு? போவட்டும்மா” என்றார். கொடுத்துவிட்டு ஒரு பச்சைக் குடத்தோடு மேலே போனார். அவரையும் என்ன சொல்ல முடியும், பெற்றவர்.

அக்கா சாயங்காலம் வந்தாள். மேலே சண்டை நடக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே இறங்கி வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

“இன்னாம்மே, அவுங்க எங்க கொண்டு போறாங்க?”

“பொன்னேரி தாண்டிக்கா. கொடம் குடுத்தவங்கள எல்லாம் ஒரு நாளு பஸ்ல இட்டுகினு போவாங்களாம். சோறும் போடுவாங்களாம்.”

“நானும் வர்றேன். பச்சையக் குடுத்துட்டு மஞ்சள எட்த்துகினு வந்துர்றேன்” என்றாள். அதைச் சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை. லாரி வந்த நாளிலெல்லாம் தன் குடத்துக்குப் பின்னால் ஒரு அரைச் செங்கல் வைத்துக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

பஸ் வந்தது. பிளாக்கே புடவை மாற்றிக்கொண்டு பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல ஏறியது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பச்சைக் குடத்தைக் கட்டைப் பையில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தாள். இரண்டாவது மாடிக்காரிக்கு இடம் இல்லை.

“யக்கா, கொடத்த மடியில வெச்சிக்கினா நான் குந்துவேன்ல?”

“ஆளு கீது.”

நான் எழுந்து, “வா, வந்து என் எடத்துல குந்து. உன் பேஜாரு வேற” என்று அவளைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு மீஞ்சூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். அதற்குப் பிறகு கண்டக்டர் சீட்டில் இடம் கிடைத்தது.

கலைக்கூடம் என்று அவர்கள் சொன்ன இடம் வயலுக்கு நடுவில் இருந்தது. சிவப்பு ஓடு, ஆள் உயரக் கண்ணாடி, தாமரைக் குளம், அதைச் சுற்றிக் கருங்கல் பாதை. எங்கே பார்த்தாலும் புல்வெளி, அதற்குக் குழாய் வைத்துச் சுற்றிச் சுற்றித் தண்ணி பீய்ச்சிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டோம்.

“யம்மாடி, பில்லுக்குப் போயி ஷவர்ல குளிப்பாட்றான் பாரு!” என்றாள் இரண்டாவது மாடிக்காரி. எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “கொடம் எங்க கீது?” என்று அந்த ஜீன்ஸ் பெண்ணிடம் கேட்டாள். “முதல்ல சாப்பிட்டுடலாம் ஆன்ட்டி, அப்புறம் பார்க்கலாம்” என்றது அது. தங்கமான பெண். வெயிலில் வந்திருக்கிறோமே என்று ஒவ்வொருத்தர் கையிலும் நன்னாரி சர்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீள மர மேஜை. மண் தட்டில் வாழை இலையை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். சிவப்பரிசிச் சோறு கோழிக்கு வைத்த அளவில், பீட்ரூட்டில் ஏதோ, பூசணிப் பூவில் ஒரு பஜ்ஜி, தயிர் மேல் மாதுளை. ருசியாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. மூன்று தரம் கேட்டு வாங்கினேன்.

அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் விரித்தாள். பரிமாற வந்த பையன், “யாராச்சும் வர்றாங்களா மேடம்?” என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “ஆளு கீது” என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு என்ன தெரியும்? அங்கேயும் ஒரு தட்டை வைத்தான். சோறு வைத்தான், பீட்ரூட் வைத்தான், பஜ்ஜி வைத்தான். டம்ளரில் தண்ணியும் ஊற்றிவிட்டுப் போனான். அக்கா தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள். நிதானமாக, வழித்துச் சாப்பிட்டாள். பக்கத்துத் தட்டு அப்படியே இருந்தது. பீட்ரூட் சாயம் மெதுவாகச் சோற்றில் ஏறியது. நான் தட்டை ஓரமாகத் தள்ளினேன். எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

குடங்கள் இருந்தது வெள்ளைச் சுவர் வைத்த பெரிய கூடத்தில். ஜன்னல் கிடையாது, ஏசி. வாசலிலிருந்து ஆரம்பித்து வளைந்து வளைந்து எதிர்ச் சுவர் வரைக்கும் எங்கள் குடங்கள் வரிசையாக நின்றன. சுவரில் ஒன்றும் இல்லை. குழாயும் இல்லை, லாரியும் இல்லை. வரிசை மட்டும்தான். எதற்காக நிற்கிறது என்று தெரியாமல் நின்றது. “காத்திருக்கிறதைப் பத்தின படைப்பு ஆன்ட்டி” என்றது அந்தப் பெண். “அத்த எங்களுக்கே சொல்றியா கண்ணு?” என்றாள் ஒருத்தி. நான் என் மெழுகு வைத்த குடத்தைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நின்று செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வரிசைக்கு நடுவே ஓர் இடத்தில் ஆட்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக இடைவெளி விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? லைனில் இடைவெளி விட்டால் எவளாவது நுழைந்துவிடுவாளே. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் குனிந்து குடங்களை முன்னால் நகர்த்தப் போனார்கள்.

“இன்னாடி இது, நவுர மாட்டேங்குது?”

“ஒட்டி வெச்சிக்கிறாங்கடி!”

ஜீன்ஸ் பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தது. “ஆன்ட்டி, தொடாதீங்க, ப்ளீஸ்! அடியில ஓட்டை போட்டுத் தரையோட போல்ட் பண்ணியிருக்கு. யாராவது இடிச்சா விழக் கூடாதுன்னு.” எங்கள் ஆட்கள் நெளிந்துகொண்டு சிரித்தார்கள். அதுவும் சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன், அக்காவைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுபோனது.

அவள் வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டு நடந்து, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தாள். மஞ்சள் குடம். தக்காளிக் கலர் பூ. பையிலிருந்து பச்சைக் குடத்தை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“இத்த வெச்சிட்டு அத்த எட்த்துக்கறேன்மா” என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான்தான் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய் இரண்டு வரியில் சொன்னேன். அதன் முகமே மாறிவிட்டது. “ஆன்ட்டி, நான் ஆர்ட்டிஸ்ட்கிட்ட பேசறேன். இப்பவே ஆள் வெச்சுக் கழட்டித் தரச் சொல்றேன்” என்றது. கண் கலங்கியிருந்தது.

அக்கா மண்டி போட்டு உட்கார்ந்து குடத்தின் வாய்க்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போனது. அடியில் துழாவினாள். கை அங்கேயே நின்றது.

“கழட்னா தண்ணி நிக்குமா?”

“நிக்காது ஆன்ட்டி. ஓட்டை பெருசு.”

அக்கா கையை வெளியே எடுக்கவில்லை. “இங்க லைன் நவுராதா?”

“நகராது ஆன்ட்டி.”

“எப்பவுமா?”

“எப்பவுமே. வேற ஊருக்குக் கொண்டு போனாலும் இதே வரிசைலதான் வைப்போம். எது எது எங்கேன்னு போட்டோ எடுத்து வெச்சிருக்கோம்.”

“யாரும் எட்த்து ஓரமா வெச்சிட மாட்டாங்களே?”

“இல்ல ஆன்ட்டி. யாராலயும் எடுக்க முடியாது.”

கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் அந்தக் கூடத்தையே கழற்றிப் போட்டிருப்பேன். “யக்கா, ஓட்டையானா இன்னா? வூட்ல சும்மா வெச்சிக்கலாம். நான் கேக்கறேன், நீ சும்மா இரு” என்றேன்.

“உடும்மே” என்றாள்.

கையை வெளியே எடுத்தாள். பூவின் இழுபட்ட இதழின் மேல் கட்டை விரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எழுந்தாள். “இருக்கட்டும்” என்றாள். பச்சைக் குடத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்போதும் அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது யார் எங்கே உட்கார்ந்தோம், என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில் இல்லை. எர்ணாவூர் ஸ்டாப்பில் அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. பையைப் பார்த்தார், உள்ளே பச்சை தெரிந்தது.

“கெடிக்கலியா?” என்றார்.

“கெட்ச்சிது. அங்கியே கீது” என்றாள். பிறகு, “ஷோக்கா வெச்சிக்கிறாங்கயா. ஏசி போட்டு” என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருத்தருக்குப் பின் ஒருத்தராகப் படியேறிப் போனார்கள்.

மறுபடி லாரி வந்தபோது நானும் வரிசையில் நின்றேன். அக்கா இறங்கி வந்தாள். இடுப்பில் பச்சைக் குடம் மட்டும். செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் குடத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டாவது மாடிக்காரி பழக்கத்தில் ஒரு குடத்துக்கு இடம் விட்டுத் தள்ளியே நின்றாள். லாரி ஹாரன் அடித்தது. அக்கா ஒரு தரம் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பினாள்.

“நவுந்து வாம்மே” என்றாள். “ஆளு இல்ல.”